அட்சதை விழுந்த ஒரு விநாடி

என் அக்கா மகள் கழுத்தில் தாலி ஏறிய அந்த ஒரு விநாடி, வீடியோ எடுத்த தம்பியின் கணக்கில் 25 ஃப்ரேம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதோடு ஒத்துப்போகும் வேகம் அது. வேகம் பொருந்தாவிட்டால் மண்டப விளக்குகள் படத்தில் துடிக்கும். அந்த 25 ஃப்ரேமுக்குள் கெட்டிமேளம் இருக்கிறது, முடிச்சுப் போடும் கை இருக்கிறது, நாலாப்பக்கமிருந்தும் பறந்து வரும் மஞ்சள் அரிசி இருக்கிறது. அந்த ஒரு விநாடி கேமராவிலிருந்து எங்கெல்லாம் போனது என்று ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்தேன்.

கல்யாணம் நடந்தது தண்டலத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில். சுற்றிலும் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன், டிவி, கண்ணாடி. ஒரகடத்தில் லாரி, மோட்டார் சைக்கிள். பெண் செல்போன் பூட்டும் ஆலையில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளை கார் ஆலையில். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள்.

அந்த விநாடி பிறந்தபோது அதன் அளவு 3840க்கு 2160 புள்ளிகள். ஒரு ஃப்ரேமில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் வைத்தால், 25 ஃப்ரேமுக்கு 622 எம்பி ஆகிறது. கேமரா கார்டில் விழுந்ததோ பன்னிரண்டரை எம்பி. ஐம்பதில் ஒரு பங்கு! மீதி எங்கே போனது? அதைச் சுருக்கி வைத்ததுதான் கோடெக்.

கோடெக் வேலை செய்யும் விதத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஷிஃப்ட் நோட்டை வைத்துச் சொன்னால் உடனே புரியும். காலை ஷிஃப்ட்காரர் எல்லா மிஷினின் நிலவரத்தையும் முழுக்க எழுதி வைக்கிறார். அடுத்து வருபவர் மாறியதை மட்டும் எழுதினால் போதும். ஹெச்.264, ஹெச்.265 என்ற கோடெக்குகள் இரண்டும் அப்படித்தான். ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வருவனவற்றில் இன்ன சதுரம் மூன்று புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது, இன்ன சதுரம் அப்படியே இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்கின்றன. மணவறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைச் சொல்ல நாலு வரி போதும்.

அட்சதை விழும் நேரத்தில்தான் அந்தக் கணக்கு உடைகிறது. ஆயிரம் அரிசி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. முந்தின ஃப்ரேமில் இருந்த எதுவும் அடுத்ததில் அதே இடத்தில் இல்லை. நோட்டில் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். கொடுத்த பக்கமோ அதே அளவுதான். இடம் போதாமல் கோடெக் விவரத்தைக் கைவிடுகிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது. முழுக் கல்யாணத்திலும் நமக்கு எது அதிகம் வேண்டுமோ, அந்த விநாடிதான் கோடெக்குக்கு அதிகக் கஷ்டம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘எக்ஸ்போர்ட்’ பட்டனை அழுத்துவது கடைசி நேரச் சில்லறை வேலை என்று எனக்குத் தோன்றுவதேயில்லை.

அன்று மாலையே வரவேற்பு. காலையில் எடுத்ததிலிருந்து நாலு நிமிடப் படம் ஒன்றை மாலைக்குள் வெட்டி, மேடைக்குப் பின்னாலிருக்கும் எல்இடி வாலில் ஓட்டுவதாகத் தம்பி ஒத்துக்கொண்டிருந்தார். மணமகன் அறையின் ஒரு மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். கேமராவின் ஹெச்.265 ஃபைலை அப்படியே டைம்லைனில் போட்டால் லேப்டாப் திணறும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பழைய நோட்டைப் புரட்ட வேண்டுமல்லவா? அதனால் முதலில் ஹெச்க்யூஎக்ஸ் என்ற கோடெக்குக்கு மாற்றினார். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்குப் பழகிய பெயர் அது. அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக முழுதாக இருக்கும். ஃபைல் பருக்கும், ஆனால் வெட்ட எளிது.

ஐந்து மணிக்குச் சோதனை ஓட்டம். 1920க்கு 1080 என்ற வழக்கமான அளவில் எடுத்துக் கொடுத்திருந்தார். எல்இடி ஆள் அதை வால் முழுக்க இழுத்து விட்டார். மணமேடையில் என் அக்கா மகள் எட்டில் ஒரு பங்கு பருத்துத் தெரிந்தாள். வட்டமான பொட்டு முட்டையாகிவிட்டது.

“வால் எத்தனை அடின்னு கேட்டேன், இருபதுக்குப் பத்துன்னு சொன்னாங்கண்ணா. அடியக் கேட்டது என் தப்பு. புள்ளியக் கேட்டிருக்கணும்” என்றார் தம்பி.

மேடைக்குப் பின்னால் போய் எண்ணினோம். அரை மீட்டர் சதுரப் பெட்டிகள், அகலத்தில் 12, உயரத்தில் 6. ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் 3.91 மில்லிமீட்டர் இடைவெளி, ஆகவே பெட்டிக்கு 128 புள்ளி. மொத்தம் 1536க்கு 768. அகலம் உயரத்தைப் போல் சரியாக இரு மடங்கு. நம் டிவியின் 16க்கு 9 அல்ல.

அளவு பொருந்தாத படம் நமக்குப் புதிதல்ல. சினிமாஸ்கோப் 1953இல் ‘தி ரோப்’ படத்தோடு வந்தது. தமிழில் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ முதல் சினிமாஸ்கோப் படமானது. அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி ஃபிலிமில் அடைப்பார்கள், கொட்டகையில் தனி லென்ஸ் அதை விரித்துக் காட்டும். அந்த லென்ஸ் இல்லாமல் ஓட்டினால் சோழனும் மூங்கில்போல் ஒல்லியாகிவிடுவான். எடுக்கிற இடத்தில் நெருக்கியதை, காட்டுகிற இடம் தெரிந்து விரிக்க வேண்டும். அன்றைக்கு லென்ஸ் செய்த வேலையை இன்றைக்கு எக்ஸ்போர்ட் பெட்டியில் நாம் தட்டும் இரண்டு எண்கள் செய்கின்றன.

தம்பி புதிதாக 1536க்கு 768 என்று ஒரு டைம்லைன் திறந்தார். மூலப் படத்தில் மேலே 120, கீழே 120 வரிகளை விட்டுவிட்டால் 3840க்கு 1920 கிடைக்கிறது. இரண்டரையால் வகுத்தால் வாலின் அளவு துல்லியமாக வந்து நிற்கிறது. ஷாட் ஷாட்டாகப் பார்த்து, தலை வெட்டுப்படும் இடங்களில் படத்தைச் சற்றுக் கீழே இறக்கினார். கோடெக் ஹெச்.264, அது 16க்கு 16 சதுரங்களாகப் படத்தைப் பிரிப்பது. 1536, 768 இரண்டும் 16ஆல் மிச்சமின்றி வகுபடும். (நாம் அன்றாடம் பார்க்கும் 1080 வகுபடாது. உள்ளே 1088 வரியாக எழுதி, எட்டு வரியை மறைத்துத்தான் காட்டுகிறது.) ஏழு மணிக்கு வாலில் அட்சதை விழுந்தது. பொட்டு வட்டமாக இருந்தது.

அதே விநாடி அடுத்துப் போனது செல்போனுக்கு. மஸ்கட்டில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன், “ஸ்டேட்டஸ்ல வைக்கணும் அண்ணா, முப்பது செகண்ட் அனுப்பச் சொல்லுங்க” என்றான். செல்போன் நிமிர்ந்த திரை, 1080க்கு 1920. படுத்த படத்திலிருந்து நிமிர்ந்த சட்டத்தை வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தாலி கட்டுபவரின் கையும் பெண்ணின் முகமும் சேர்ந்து அதற்குள் அடங்கவில்லை. முழுப் படத்தையும் நடுவில் வைக்கலாமென்றால் உயரம் 607.5 வந்தது, கோடெக்கோ ஒற்றைப்படை எண்ணைக்கூட ஏற்காது. ஒளியைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று பங்கிடுவதால், அகலமும் உயரமும் இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும். ஆகவே 608. ஆனால் அப்படி வைத்தபோது எல்லோரும் எறும்பளவு ஆனார்கள். கடைசியில் தம்பி சட்டத்தையே நகர்த்தினார்: முதலில் முடிச்சுப் போடும் கை, பிறகு மெல்லப் பெண்ணின் முகம்.

நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்ற சிக்கனம் எங்கே தெரியும் என்றால், பட்டுப் புடவையில் தெரியும். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கோர்வை போட்டு நெய்த அந்த எல்லை கத்திபோல் கூர்மையானது. சிவப்பும் பச்சையும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் கோடெக் நிறத்தைக் கசியவிடுகிறது. வாட்ஸ்அப் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கியதும் கரை மங்கியது, அரிசி கட்டங்களானது. மறுபடி ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினோம். அப்படி அனுப்பினால் அது ஃபைலைத் தொடுவதில்லை.

மூன்றாவது பயணம் பென்டிரைவில் ஏறி அக்கா வீட்டு டிவிக்கு. கல்யாணத்தின் ஒரு மணி நேரப் படத்தைத் தம்பி விநாடிக்கு 10 மெகாபிட் வைத்து எடுத்தார். அதுவும் இரண்டு முறை ஓடும் முறையில்: முதல் ஓட்டத்தில் கோடெக் முழுப் படத்தையும் பார்த்து எங்கே கஷ்டம் என்று குறித்துக்கொள்கிறது, இரண்டாம் ஓட்டத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கொடுக்கிறது. ஃபைல் நாலரை ஜிபி வந்தது. பென்டிரைவ் ஏற்கவில்லை. உள்ளே எவ்வளவு இடமிருந்தாலும், ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பிட்ரேட்டைக் குறைத்தால் ஒரே ஃபைலாக அடங்கியிருக்கும். தம்பி குறைக்கவில்லை. “ரெண்டு துண்டாக் குடுக்கிறேண்ணா. அரிசி உடையக் கூடாது” என்றார்.

மூலக் கார்டில் இருந்ததை மட்டும் தொடாமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, ஒன்றை அக்காவிடம் கொடுத்தார். இன்னும் பத்து வருடத்தில் எந்தத் திரை வரும், அதன் அளவென்ன என்று யாருக்கும் தெரியாது. மூலம் இருந்தால் அதற்கும் தைத்துக்கொள்ளலாம். சுருக்கியதிலிருந்து விரிக்க முடியாது.

பென்டிரைவ் படத்தின் முதல் நிமிடத்தில் அக்காவின் சொந்தக் கல்யாணத்தை வைக்கச் சொல்லியிருந்தேன். வீடியோ கேசட்டில் எடுத்தது. பிறகு டிவிடியாக மாற்றியது. டிவிடியில் அது 720க்கு 576. அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல, சற்று அகன்றவை. சதுரப் புள்ளியில் சொன்னால் 768க்கு 576, பழைய டிவியின் 4க்கு 3. புதிய டிவி வந்த நாளிலிருந்து வீட்டில் அதைத் திரை முழுக்க இழுத்தே பார்த்துவந்தோம். முகங்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்திருந்தன. நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். தம்பி அதை 1440க்கு 1080 என்று நிறுத்தி, இரண்டு பக்கமும் 240 புள்ளி கறுப்பு விட்டார்.

படம் ஓடியது. மணமேடையில் அக்கா, பக்கத்தில் பட்டுத் துண்டோடு அப்பா. அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவிக்கு அருகில் நாற்காலியை இழுத்தாள்.

“இத்தினி வருஷமா இதுல யாரோ மாதிரி இருந்தாருடா” என்றாள். “இப்பதான் உங்கப்பா.”

இரண்டு பக்கமும் இருந்த கறுப்பை அவள் கவனிக்கவே இல்லை.