உயிரணுத் தள முனைவாக்கம்

ஒரு திசுப்படலத்தின் உயிரணுக்கள் அனைத்தும் அப்படலத்தின் தளத்திலேயே ஒரே திசை நோக்கி அமைவது தள முனைவாக்கம் எனப்படும். படலத்து உயிரணுவுக்கு மேல், கீழ் என்ற வேறுபாடு ஏற்கெனவே உண்டு. தள முனைவு அதற்குக் குறுக்கே செல்லும் இரண்டாவது அச்சு.

பழ ஈயின் இறக்கையில் இதை நுண்ணோக்கியில் தெளிவாகக் காணலாம். இறக்கையில் சுமார் 30,000 உயிரணுக்கள் உள்ளன. கூட்டுப்புழுப் பருவத்தில் ஒவ்வொன்றும் தன் நுனிப்பக்க ஓரத்தில் ஒரே ஒரு மயிரை முளைக்கவிடும். எல்லா மயிர்களும் இறக்கையின் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இந்த ஒழுங்கைக் குலைக்கும் மரபணு மாற்றங்களை டேவிட் கப், அன்டோனியோ கார்சியா-பெல்லிடோ இருவரும் 1982இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

ஒழுங்கின் மையத்தில் ஆறு புரதங்கள் இருக்கின்றன. ஃபிரிசில்டு, டிஷெவெல்டு, டியகோ மூன்றும் உயிரணுவின் நுனிப்பக்கம் சேர்கின்றன. வான் கோ, பிரிக்கிள் இரண்டும் அடிப்பக்கம் ஒதுங்குகின்றன. ஃபிளமிங்கோ இருபுறமும் நிற்கிறது. ஓர் உயிரணுவின் ஃபிரிசில்டு, எல்லைக்கு அப்பாலுள்ள அண்டை உயிரணுவின் வான் கோவுடன் ஃபிளமிங்கோ வழியாகப் பிணைகிறது. ஒரே உயிரணுவுக்குள்ளோ இவ்விரு அணிகளும் ஒன்றையொன்று விலக்குகின்றன. தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய சாய்வும் இதனால் பெருகி உறுதிப்படுகிறது.

திசை அண்டையிலிருந்தே கற்கப்படுகிறது என்பதற்கு அழகான சான்று உண்டு. இறக்கையின் ஒரு திட்டில் மட்டும் ஃபிரிசில்டு மரபணுவை நீக்கினால், திட்டுக்கு வெளியே நுனிப்பக்கமுள்ள, எந்தக் குறையும் இல்லாத உயிரணுக்களின் மயிர்கள் திட்டை நோக்கித் திரும்பிவிடும். வான் கோவை நீக்கினால் பாதிப்பு அடிப்பக்க அண்டைகளுக்கு. எனவே ஓர் உயிரணுவைத் தனியே எடுத்து ஆராய்ந்து இந்த முனைவைப் புரிந்துகொள்ள முடியாது.

இறக்கை முழுமைக்குமான திசையை எது தருகிறது என்பதே இத்துறையின் நெடுநாள் விவாதம். ஃபேட்டுடன் பிணையும் டாக்சஸ் என்னும் ஒட்டுப்புரதத்தின் செறிவுச் சரிவு ஒரு விடை. வின்ட் என்னும் சைகைப் புரதங்களே வழிகாட்டுகின்றன என்ற கருத்தும் வலுவாக இருந்தது; ஈயின் இறக்கையில் அவை இதற்குத் தேவையில்லை என 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இறக்கையின் அடிப்பகுதி சுருங்கும்போது படலம் இழுபடுவதாலும் முனைவு திரும்புகிறது.

முதுகெலும்பிகளிலும் இதே புரதங்களுக்கு இணையானவை பணிபுரிகின்றன. உட்செவியின் மயிர் உயிரணுக்கள் சீராக ஒரே போக்கில் அமைவது இவற்றால்தான். இவற்றின் மிக முக்கியமான பணி நரம்புக்குழல் உருவாவதில் உள்ளது. அதற்கு உயிரணுக்கள் ஒன்றினிடையே ஒன்று நுழைந்து கருவின் நடுப்பகுதியைக் குறுக்கி நீட்ட வேண்டும். அது தவறினால், சேர்ந்து குழலாக மூட வேண்டிய நரம்பு மடிப்புகள் விலகியே நின்று, சந்திக்க முடியாமல் போகும். வான் கோவுக்கு இணையான வாங்கிள்2 மரபணு இரு பிரதிகளிலும் பழுதான ‘லூப்டெயில்’ எலிக்கருவில், மூளையின் பின்பகுதி முதல் தண்டுவடம் நெடுக நரம்புக்குழல் மூடாமலே நிற்கிறது. நரம்புக்குழல் குறைபாடுடைய சில மனிதரிடம் வாங்கிள்1 மரபணுவில் மாற்றங்கள் இருப்பதும் 2007இல் கண்டறியப்பட்டது.