உழவாரமும் உழவு இயந்திரமும்: நல்லூர்ப் புறத்துச் சிறு காணிகளின் பொறி வரலாறு

மனிதன் ஏறியிருந்து ஓட்டும் பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புகையிரதத்தையும் மோட்டார் வண்டியையுமே முதன்மைப்படுத்துவர். நிலத்தின்மேல் வேலை செய்யும் சிறு பொறிகள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஒரு சமூகம் தன் காணியை எவ்வாறு மதித்தது என்பதை அறிவதற்கு இச்சிறு பொறிகளே சிறந்த சான்றுகளாகும். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் மேலைநாட்டு நடுத்தர வகுப்பினர் வீட்டு முன்றிலிலுள்ள புல்லை வெட்டுவதற்கென ஏறியிருந்து ஓட்டும் இயந்திரங்களை வாங்கத் தொடங்கினர். அதையடுத்த காலத்தில் நல்லூரின் அயலிலுள்ள தோட்டக்காரர் முற்றிலும் வேறான ஒரு பொறியைத் தெரிந்தெடுத்தனர். இவ்வேறுபாட்டைப் பணவசதியின் வேறுபாடு என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

புல்வெட்டும் பொறியின் தோற்றத்தை முதலில் சுருக்கமாக நோக்கலாம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் ஊரின் அயலில் வாழ்ந்த எட்வின் படிங் என்பவர் 1830இல் இதனை ஆக்கினார். கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள இழைகளைக் கத்தரித்துச் சமப்படுத்தும் ஆலை இயந்திரமே அவருக்கு முன்மாதிரியாயிற்று. 1832 முதல் ரான்சம்ஸ் நிறுவனம் இவற்றைச் செய்து விற்றது. பெரிய பொறிகளை மட்டக்குதிரைகள் இழுத்தன. குளம்பின் தடம் புற்றரையிற் பதியாதிருக்க அக்குதிரைகளுக்குத் தோற் பாதணி அணிவித்தனர். புல்லுக்கு நேர்ந்த இவ்வுபசாரம் நம்மவர்க்கு நகைப்பையே தரும். 1902இல் அந்நிறுவனமே எஞ்சின் பூட்டிய பொறியை விற்பனைக்கு விட்டது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான எண்ணம் ஒன்றே: புல்லை அழிப்பதற்கன்றி, அது மேலும் செறிந்து வளர்வதற்காகவே அதனை வெட்டினர்.

நல்லூரில் இவ்வெண்ணத்துக்கு இடமிருக்கவில்லை. கந்தசுவாமி கோயிலின் வீதி மணல் வீதியாகும். திருவிழாக் காலத்தில் அடியார்கள் அங்கப்பிரதட்சணம் செய்வதும் அம்மணலின் மீதே. வீட்டு முற்றமும் அவ்வாறே ஈர்க்கு விளக்குமாற்றினாற் கூட்டிய மண் முற்றமாகும். முற்றத்திற் புல் முளைத்த வீட்டை ஆளற்ற வீடு என்றே அயலவர் கொள்வர். புல்லை அகற்றும் கருவி உழவாரம். ஏழாம் நூற்றாண்டினரான அப்பர் சுவாமிகளின் திருவுருவம் கையில் ஏந்தியிருப்பதும் அதுவே. புல் செருக்கும் கருவியைத் திருத்தொண்டின் அடையாளமாக்கிய சமய மரபு வேறு உளதோ என்பது தனியே ஆராயத்தக்கது. செருக்கிய புல்லோ மாட்டுத் தொழுவத்துக்கு உரியது. எனவே புல்லைப் பேண ஒரு பொறியை விலைகொடுத்து வாங்கும் தேவை இங்கு எழவேயில்லை. பொறி வேண்டியிருந்தது மண்ணுக்கும் நீருக்குமே.

கல்வியங்காடு, இருபாலை, திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய் ஆகிய இடங்களிற் சுண்ணக்கற் பாறையின் மேற் செம்மண் படிந்துள்ளது. தோட்டக்காணியை இங்கு ஏக்கரால் எண்ணுவோர் சிலரே. பரப்பு என்பதே வழக்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும். நாலு பரப்பும் ஆறு பரப்புமாகத் தலைமுறைதோறும் பிரிந்த துண்டுகளில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி என்பன பயிராயின. மண்வெட்டியாற் கொத்துவர், வன்னியிலிருந்து வந்த குழையைத் தாழ்ப்பர், துலாவால் இறைப்பர். துலா மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், பாத்திக்குத் தண்ணீர் மாறுபவர் என இறைப்புக்கு மூவரேனும் வேண்டும்.

எஞ்சின் முதலில் வந்து சேர்ந்தது இக்கிணற்றடிக்கே. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் துலாவை அகற்றியது. இதன் விளைவுகளில் ஒன்று பெரிதும் கவலைக்குரியது. குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையாகும். துலா மிதிப்பவரின் காலே அந்நீருக்குக் காவலாயிருந்தது. ஆள் களைத்தால் இறைப்பு நிற்கும். எஞ்சினுக்குக் களைப்பில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் உவர் ஏறியது. இன்னொரு விளைவு நன்மையானது. கடவுச்சீட்டோ பட்டமோ இல்லாத தோட்டக்காரர், பிளக்கைக் கழற்றித் துடைப்பதையும் காபரேற்றரைத் திறப்பதையும் கிணற்றடியிலேயே கற்றுக்கொண்டனர். பின்னர் வந்த உழவு இயந்திரத்தைத் தெரிவுசெய்யும் அறிவு அவர்களுக்கு இவ்வாறே வாய்த்தது.

நாலு சில்லு உழவு இயந்திரம் அவர்கள் அறியாததன்று. மசி பேர்குசன் போன்றவை வன்னி வயல்களில் உழுதன. ஆனால் ஏறியிருந்து ஓட்டும் அவ்வியந்திரம் ஒழுங்கைக்குள் நுழைந்து, ஆறு பரப்புத் துண்டிலே திரும்புவதற்குள் பாதித் துண்டை மிதித்துவிடும். வரம்பும் வாய்க்காலும் சிதையும். இதனாலேயே இரு சில்லு உழவு இயந்திரம் இங்கு நிலைபெற்றது. லாண்ட்மாஸ்டர் என்பது ஓர் ஆங்கில நிறுவனத்தின் பெயர். பின்னர் ஜப்பானிய குபோட்டா வந்தபோதும் மக்கள் அதனையும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். உழும்போது அதன் பின்னே நடக்க வேண்டும். பெட்டியைப் பூட்டினால் அதன் முன்புறத்து இருக்கையில் அமர்ந்து நீண்ட கைபிடிகளைப் பற்றி ஓட்டலாம். காலையில் உழுவதும் மாலையில் எருவும் வெங்காய மூடையும் ஏற்றுவதும் ஒரே பொறி. ஏறியிருப்பதைச் சொகுசாகக் கருதாது, சுமை ஏற்றும் வேளைக்குரிய வசதியாகவே இம்மக்கள் கண்டனர் என்பது என் கருத்து.

வாங்கும் வலு எப்போது வந்தது என்பதற்கு அரசியல் வரலாறு விடை தரும். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. ஆயின் அதே கட்டுப்பாடு இயந்திரங்களையும் உதிரிப்பாகங்களையும் அரிதாக்கிற்று. கையிற் காசு இருந்தும் பொருள் கிடைக்காத நிலை அது. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கையால் இயந்திரங்கள் தாராளமாக வந்தன. அவற்றோடு வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்தன. நகையை அடைவு வைத்து இயந்திரம் வாங்கியவர் விளைபொருளின் விலை வீழ்ச்சியையும் சேர்த்தே தாங்க வேண்டியவரானார். பிறர் காணியைக் கூலிக்கு உழுது கொடுத்தே பலர் கடனை இறுத்தனர்.

வாங்குவதைவிடப் பேணுவதே கடினம். செம்மண் புழுதி மிக நுண்ணியது. காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவாவிடில் அது உருளையைத் தேய்த்துவிடும். எஞ்சினைப் பெற்றோலிற் கிளப்பிச் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்வதால் அதனை முன்கூட்டியே மாற்ற வேண்டும். நீராற் குளிரும் டீசல் எஞ்சினுக்கு இன்னொரு பகை நம் கிணற்று நீரே. கேத்தலின் அடியிற் படியும் அதே சுண்ணாம்பு எஞ்சினின் நீர்க்கூட்டினுள்ளும் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். மழைநீரைச் சேர்த்து ஊற்றுவதே இதற்குப் பரிகாரம். இவற்றுட் பல அந்நிய நாட்டுக் கையேடுகளில் அழுத்திச் சொல்லப்படாதவை. சுண்ணக்கல் நாட்டில் வாழ்பவர் தாமே கண்டறிய வேண்டியவை.

இவ்வறிவின் பெறுமதி 1990 ஜூனின் பின்பு வெளிப்பட்டது. போர் மீண்டும் மூண்டதும் எரிபொருள், உரம், மின்கலம் முதலியவற்றின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்து போலாயிற்று. சில துளிகளை விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். டீசல் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெயே கதியானது. அதில் வழுக்குந்தன்மை குறைவாதலால் எரிபொருட் பம்பி தேயும். சிறிது எண்ணெய் கலந்து அதனைத் தணித்தனர். ஒன்றின் பாகத்தை எடுத்து மற்றொன்றுக்குப் பூட்டினர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வெங்காயம் ஏற்றிய பெட்டிகளில் முதியோரும் பிள்ளைகளும் பாயும் பானையும் ஏறின. அன்று லாண்ட்மாஸ்டர் ஓடக்கூடிய நிலையில் இருந்ததா என்பது ஒரு குடும்பத்தின் நோயாளி நடக்க நேர்ந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. தடை நீங்கி 2002இல் ஏ-9 வீதி திறந்தபின்பே உதிரிப்பாகங்கள் ஒழுங்காக வரத் தொடங்கின.

இன்று நல்லூரை அண்டிய தோட்டங்கள் வீட்டு வளவுகளாகி வருகின்றன. தோளில் மாட்டும் புல்வெட்டும் மிசின் வீதியோரங்களில் இரைகிறது. எஞ்சியுள்ள தோட்டங்களுக்குச் சுழற்கலப்பை பூட்டிய நாலு சில்லு இயந்திரங்களும் கூலிக்கு வருகின்றன. அயற்காணிகளின் வரம்புகள் ஒத்துப்போகும் இடங்களில் இரண்டு மூன்று துண்டுகளை ஒரே ஓட்டத்தில் உழுது முடிக்கின்றன. அவை எட்டாத மூலைகளையும் கிணற்றுக் கட்டின் ஓரத்தையும் மண்வெட்டியாலேயே கொத்துகின்றனர்.