காந்தமும் சாட்சியும்

திருச்செங்கோட்டில் முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்குள் நிற்கிறவள் அம்மா. மாசம் இரண்டு மூன்று தடவை ஒற்றைத் தலைவலி வரும். ‘பொட்டுல உளி வெச்சு அடிக்கிறாப்பல இருக்குது கண்ணு’ என்று இருட்டில் சுருண்டுகொள்வாள். மாத்திரைக்கு அடங்காது. பட்டறைக்காரர் அதை வலியென்று ஒப்புக்கொள்ளாமல் கூலியைப் பிடிப்பார். யாரோ விற்ற காந்தப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் தேவலை என்றாள். அப்புறம் பழைய கதைதான். ‘எல்லாம் பிரமை’ என்று நானே சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

1784இல் மெஸ்மரின் ‘விலங்குக் காந்த’க் கொள்கையை ஆராயப் பதினாறாம் லூயி அமைத்த குழுவில் ஃபிராங்க்ளினும் லவாய்சியேயும் இருந்தார்கள். கண்ணைக் கட்டிச் சோதித்தார்கள். காந்தமேற்றாத மரத்தடியில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். காந்தத் திரவம் என்று ஒன்றில்லை, கற்பனையே வேலை செய்கிறது என்று தீர்ப்பாயிற்று. போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும் இன்றைய முறைக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது. வியாபாரியிடமிருந்து ஏழையைக் காப்பதும் அதுதான். ஆனால் அதே குழு அரசனுக்கு ரகசிய அறிக்கை ஒன்றும் கொடுத்தது: பெண்கள் எளிதில் கிளர்ச்சியடைகிறவர்கள், ஒழுக்கத்துக்கு ஆபத்து என்று. திரவத்தைச் சோதித்தவர்கள் பெண்ணுடலைச் சோதிக்கவில்லை, முன்முடிவால் அளந்தார்கள்.

பட்டை ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஃபாரடே 1831இலேயே விடை வைத்திருந்தார். மாறுகிற காந்தப்புலம்தான் மின்னோட்டத்தைத் தூண்டும். சும்மா கிடக்கிற காந்தம் தூண்டாது. 1985இல் ஷெஃபீல்டில் பார்க்கர் குழுவினர் தலைக்கு வெளியே வைத்த சுருளால் மூளையைத் தூண்டிக் கையை அசைத்துக் காட்டினார்கள். அதே வருஷம் சென்னையைச் சேர்ந்த சாரதா சுப்ரமணியமும் பி.வி. சங்கர் நாராயணும் டி.எம். சீனிவாசனோடு சேர்ந்து, நுண்ணிய காந்தத் துடிப்புகள் உடலில் என்ன செய்கின்றன என்று கட்டுரை வெளியிட்டார்கள். நம் ஊர்க்காரர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

1999இல் ஷெர்மன் குழு 42 பேரிடம் துடிப்பு மின்காந்தப்புலத்தைச் சோதித்தது. புலத்தை வைத்தது தலையில் அல்ல, உள்தொடையில்! நிஜப் புலம் பெற்றவர்களுக்குப் போலியைவிடப் பலன் தெரிந்தது. சிறிய ஆய்வு, இதை வைத்துக் கடை போட முடியாது. 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது வேறு கருவி: கண்ணில் ஒளிக்கோடுகள் முன்னறிவிக்கும் தலைவலிக்கு, பின்தலையில் பிடித்து ஒரு துடிப்பு விடுவது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 42 பேரின் குறிப்பேடு. எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு வலி. சோதனை நின்றது வலித்தவரின் சொல்லின் மேல்தான்; வலிக்கு வேறு சாட்சி கிடையாது.

அம்மாவிடம் ஒரு நாள்காட்டியைக் கொடுத்தேன். வலித்த தேதியில் குங்குமம் வைக்கிறாள். போன மாசம் மூன்று பொட்டு. ‘இதக் கொண்டுபோயி பட்டறைக்காரருகிட்டக் காட்டலாமா கண்ணு?’ என்கிறாள்.