ஒற்றும் ஒற்றையும்

பேத்தி போன வருஷம் ஒரு நாள் காலேஜிலிருந்து வந்து, "தாத்தா, இன்னிக்கு நான் மோனோடைப் பண்ணினேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சுத் தொழிலில் இருந்தவனுக்கு மோனோடைப் என்றால் பீரோ உயர இயந்திரம். டால்பர்ட் லான்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1887இல் காப்புரிமை வாங்கியது. ஈயத்தை உருக்கி ஒவ்வொரு எழுத்தாக வார்த்துத் தள்ளும். வரி முழுவதையும் ஒரே கட்டியாக வார்த்தால் லைனோடைப், தனித்தனி எழுத்தாக வார்த்தால் மோனோடைப். அதெல்லாம் பெரிய பத்திரிகை ஆபீஸ் சமாசாரம். தாராவியில் நாங்கள் கையால் எழுத்துக் கோர்த்தவர்கள்.

அவள் படம் சுருட்டி வைக்கும் குழாயைத் திறந்து ஒரு தாளை உருவி மேஜையில் விரித்தாள். மழையில் சயன் ஸ்டேஷன். குடைகள், தலைகள், ஈரத் தண்டவாளம். கறுப்பு மை. பார்த்தால் தூரிகை வேலை போலிருக்கிறது, ஆனால் தடவிப் பார்த்தால் மேடே இல்லை. சுற்றிலும் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம். பிரஸ்ஸில் போனதுதான், சந்தேகமில்லை.

"எத்தனை காப்பி போட்டே?"

"ஒண்ணுதான் தாத்தா. ஒண்ணுதான் வரும்."

"அப்போ எதுக்குட்டி பிரஸ்ஸு?"

அவள் ஏதோ சொன்னாள். எனக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷமாக நூலகத்திலும் அவள் கொண்டுவரும் புத்தகங்களிலும் தேடித் தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் 1973இலிருந்து 1999 வரை ட்ரெடில் மெஷின் மிதித்தேன். கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து, கோவில் கொடை நோட்டீஸ், மளிகைக் கடை பில் புக். அப்பா திருநெல்வேலியிலிருந்து தோல் ஷாப்புக்கு வந்தவர். நான் தோல் வாடைக்குப் பயந்து மை வாடைக்குப் போனேன். எங்கள் தொழிலின் தர்மம் ஒன்றுதான்: ஆயிரம் தாள் ஓட்டினால் ஆயிரமாவது தாள் முதல் தாள் மாதிரி இருக்க வேண்டும். எழுத்து அழுந்தாத இடத்தில் பின்பக்கம் டிஷ்யூ தாளைக் கிழித்து ஒட்டி மேடு கட்டுவோம். மை இளகினால் நிறுத்துவோம். ஒரு தாள் வெளுத்து வந்தால் முதலாளி அதைச் சுருட்டித் தலையில் தட்டுவார். வெளுத்ததும் கறுத்ததும் கோணலாக விழுந்ததும் வாரக் கடைசியில் எடைக்குப் போகும், பழைய தாள் வாங்கும் பதிமூணாம் கம்பவுண்டுக்கு.

அச்சு என்றாலே நமக்கெல்லாம் அப்படித்தான். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது எதற்கு? பல கைகளுக்குப் போகத்தான். 1674இல் பீம்ஜி பரேக் என்ற வியாபாரி கேட்டுக்கொண்டதால் கிழக்கிந்தியக் கம்பெனி ஹென்றி ஹில்ஸ் என்ற அச்சுக்காரரைப் பம்பாய்க்குக் கப்பலேற்றியது. பரேக்குக்கு ஆசை, பழைய சுவடி நூல்களை அச்சில் பெருக்க வேண்டும் என்று. படத்துக்கும் அதே வழிதான். ரவி வர்மா 1894இல் கிர்காவில் கல்லச்சுக் கூடம் போட்டார். ஜெர்மன் மெஷின், ஜெர்மன் ஆள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கல் மாற்றி மாற்றி ஓட்டும்போது நிறம் மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமிக்கு இரண்டு மூக்கு. பிளேக் வந்த பிறகு கூடம் லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போயிற்று. ராஜா மாளிகையில் தொங்கிய படம் எங்கள் குடிசைச் சுவருக்கும் வந்தது அப்படித்தான். மாட்டுங்காவில் பூஜை சாமான் கடைகளில் இன்றும் தொங்கும் சரஸ்வதிகள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இந்தப் பெருக்கத்துக்கு நேர் எதிராக ஒரு கிறுக்கு வழி அச்சுக்குள்ளேயே 1640களிலிருந்து இருந்திருக்கிறது என்பது எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இத்தாலியில் ஜெனோவாக்காரர், ஜொவானி பெனெடெட்டோ காஸ்திலியோனே. செப்புத் தகட்டில் கோடு கீறி, அந்தக் கோட்டில் மை நிரப்பி அச்சடிக்கும் எச்சிங் அவருக்குத் தெரிந்த வேலை. ஒரு சமயம் கீறாமலே தகடு முழுக்க மையைப் பூசினார். துணியாலும் குச்சியாலும் மையைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தை வரைந்தார். மை காயுமுன் தாளை வைத்து அழுத்தி எடுத்தார். தகட்டில் ஒன்றும் பதியவில்லை, அதனால் அதே மாதிரி இரண்டாவது படி கிடையாது. இருட்டிலிருந்து ஆடு மாடும் மனிதர்களும் எழுந்து வருவது போன்ற படங்கள். படம் முடிந்ததும் தகட்டைத் துடைத்தால் வெறும் தகடு.

இதற்குத்தான் மோனோடைப் என்று பெயர். மோனோபிரிண்ட் என்பது இன்னொன்று. கடைக்காரர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். மோனோபிரிண்டில் தகட்டின் மேல் நிலையான கோடு உண்டு, ஒவ்வொரு முறையும் மையை வேறு மாதிரி போடுவார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் பாரம், அதாவது கோர்த்து முடுக்கிய எழுத்துக் கட்டு, ஒன்று, மை வேறு. இதில் கெட்டிக்காரர் பிரான்ஸின் லுடோவிக் லெப்பிக். ஆற்றங்கரைக் காட்சி ஒன்றைக் கீறி, அதே தகட்டில் மையைக் கூட்டியும் குறைத்தும் துடைத்தும் பகல், இரவு, மழை, பனி, நெருப்பு என்று 85 விதமாக அச்சடித்தார். என்னைக் கேட்டால் அவருக்குத்தான் சிலை வைக்க வேண்டும். ஆனால் பெயர் போனது அவருடைய சிநேகிதர், ஓவியர் எட்கர் டெகாவுக்கு. 1870களின் நடுவில் லெப்பிக் அவருக்கு வித்தையைக் காட்டிக் கொடுத்தார். முதல் படத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு டெகா விடவில்லை, முந்நூறுக்கு மேல் செய்தார்.

டெகா செய்த ஒரு காரியம் அச்சுக்காரனுக்கு உடனே புரியும். முதல் தாளை எடுத்த பிறகு தகட்டில் கொஞ்சம் மை ஒட்டியிருக்கும். அதன் மேல் இன்னொரு தாளை வைத்து இன்னும் இறுக்கி ஓட்டினார். மங்கலாக, கழுவிய மாதிரி ஒரு படம் வந்தது. இதை 'கோஸ்ட்' என்கிறார்கள். பேய்ப் படி என்று நான் சொன்னால் பேத்தி சிரிக்கிறாள். அந்த மங்கலின் மேல் டெகா பாஸ்டல் சுண்ணத்தால் நிறம் தீட்டினார். அவருடைய நடனக்காரிகளில் பல பேர் இப்படிப் பேயின் மேல் உட்கார்ந்தவர்கள்தான். 2016இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் இந்தப் படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. எங்கள் சந்தில் அப்படி வெளுத்து வந்த தாளுக்கு என்ன மரியாதை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஓவியர் பால் கோகன் இன்னும் எளிய வழி கண்டார். தாஹிதி தீவில் 1899வாக்கில் ஒரு தாளில் மையைப் பூசி, அதன் மேல் வெள்ளைத் தாளைப் போட்டு, முதுகில் பென்சிலால் வரைந்தார். அழுந்திய இடத்தில் மை அடியில் ஒட்டியது. பில் புக்கில் கார்பன் வைத்து எழுதுவோமே, அதேதான். கை தெரியாமல் ஊன்றிய இடத்திலும் கறை வரும். கோகன் அதை அழிக்கவில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? சித்தூர் மாவட்டத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில், 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி நாற்பதுகளின் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக் கொடுத்தார், பின்னால் பாரிஸ் போனார். அங்கே ஹெய்ட்டர் என்ற அச்சுக் கலைஞரின் 'அட்லியே 17' பட்டறையில் மையின் உடம்பைப் பிடித்து வித்தை காட்டினார்கள். மையில் ஆளி விதை எண்ணெய் கூடினால் இளகும், குறைந்தால் இறுகும். இளகிய மை பூசிய இடத்தில் இறுகிய மை ஒட்டாது, வழுக்கிப் போகும். மேடு பள்ளமாகச் செதுக்கிய ஒரே தகட்டில் கெட்டி ரோலரை ஓட்டினால் மேட்டில் மட்டும் ஒரு நிறம். மெத்தென்ற ரோலரை அழுத்தினால் பள்ளத்தில் இன்னொரு நிறம். ஒரே ஓட்டத்தில் பல நிறமும் தாளுக்கு வந்துவிடும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பம்பாய் மே மாத வெயிலில் மை இளகிப் போவதும் டிசம்பர் காலையில் இறுகுவதும் எனக்கு இருபத்தாறு வருஷத் தலைவலி. அந்தத் தலைவலியை வைத்து ஒருவர் உலகப் புகழ் வாங்கியிருக்கிறார்.

பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்சீ 1969இல் நேரு ஃபெலோஷிப் பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் நேப்பியன் சீ ரோட்டில் பட்டறை ஒன்று வைத்தார். விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப். சினிமா கேமரா ஒரு பக்கம், எச்சிங் பிரஸ் ஒரு பக்கம். நளினி மாலானி போன்ற இளைஞர்கள் அங்கே வந்து கை பழகினார்கள். அதே ஊரில்தான் நானும் அதற்குப் பின் சில வருஷத்தில் மெஷின் மிதிக்க ஆரம்பித்தேன். பதம்சீ 2020இல் காலமானது நம் கோயம்புத்தூரில்.

கிர்காவில் சால் என்னும் வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்து ஜே.ஜே. பள்ளியில் படித்த கைத்தொண்டேவை அச்சுக்காரர் என்று யாரும் சொல்வதில்லை, அவர் ஓவியர். ஆனால் அவரிடம் இருந்ததும் ரோலர்தான். செய்தித்தாளைக் கிழித்து, நிறம் ஏற்றிய அந்தத் துண்டுகளைக் கேன்வாஸில் வைத்து ஒற்றி எடுப்பார் என்று எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் காயாத தாளை அடுக்கினால் கீழ்த் தாளின் மை மேல் தாளின் முதுகில் ஒட்டும். 'செட்-ஆஃப்' என்போம். அதைத் தடுக்க நடுவில் வேஸ்ட் தாள் செருகுவோம்.

'ஒற்றி எடுப்பார்' என்று இப்போது எழுதும்போது ஒரு சொல் மாட்டுகிறது. மாட்டுங்காவில் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருவர் எங்களுக்குப் புரூஃப் பார்த்தார். சிவப்பு மையில் ஓரம் முழுக்க "ஒற்று மிகும்", "ஒற்று மிகாது" என்று எழுதி அனுப்புவார். எழுத்துப் பெட்டியில் க், த், ப் அறைகள்தான் முதலில் காலியாகும். ஒற்று என்றால் புள்ளி எழுத்து. ஒற்று என்றால் அழுத்தித் தொட்டெடுப்பது. ஒற்றை என்றால் ஒன்று. மோனோடைப்பைத் தமிழில் 'ஒற்றைப் படி' என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். நான் 'ஒற்றுப்படம்' என்பேன். வாத்தியார் இருந்தால் ப் போடலாமா என்று கேட்டிருப்பேன்.

இனி வாங்குகிறவர்கள். பேத்தியும் சிநேகிதிகளும் காலா கோடா பக்கம் ஒரு சிறிய கண்காட்சி வைத்தார்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "பிரிண்ட்டா? ஒரிஜினல் இல்லையா?" நூற்றாண்டு காலம் காலண்டர் பார்த்த கண், குறை சொல்ல முடியாது. சாதாரண எச்சிங் என்றால் ஐம்பது படி எடுத்து 1/50, 2/50 என்று பென்சிலால் எண் போடுவார்கள். முடிந்ததும் தகட்டில் குறுக்கே கீறிக் கெடுத்துவிடுவார்கள், இனி யாரும் எடுக்கக் கூடாதென்று. மோனோடைப்பில் 1/1. தகடு தானாகவே மலடு. ஓவியம் போல உலகத்தில் ஒன்றுதான், விலை மட்டும் பெரும்பாலும் அதே ஓவியரின் கேன்வாஸுக்குக் கீழே. சேகரிப்பவர்களுக்கு அது ஒரு ருசி.

இன்னொரு ருசியைச் செம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் சொல்லிக் கொடுத்தார். தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல், வெளிச்சத்துக்குச் சாய்த்து, ஓரத்திலிருந்து பார்த்தார். "வரைஞ்ச பொண்ணுக்கே இது இப்படி வரும்னு முழுசாத் தெரிஞ்சிருக்காது, இல்லையா?" என்றார். உண்மைதான். பிரஸ்ஸின் எடை மையை நசுக்கும்போது என்ன ஆகும் என்பது தாளின் மூலையைத் தூக்கும்வரை யாருக்கும் தெரியாது. தூரிகையின் வேகம் அப்படியே இருக்கும், ஆனால் தட்டையாக, தாளுக்குள் இறங்கி. அவர் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் பார்த்தார்.

என் பங்குக்கு ஒரு புத்திமதி. கம்ப்யூட்டரில் அடித்த தாளின் மேல் இரண்டு இடத்தில் கை வண்ணம் தடவிவிட்டு மோனோபிரிண்ட் என்று விற்பவர்கள் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள். பொடிப் பொடியாக நிறப் புள்ளி சிதறிக் கிடந்தால் மெஷின் வேலை. மை ஏற்ற இறக்கமாகக் கலந்து பரவியிருந்தால் கை வேலை. பிறகு மும்பை மழைக்காலம். படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி பிரேம் போட்டால் ஜூலையில் பூஞ்சை வரும். நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

போன ஜூலை ஞாயிறு, மழை. வீட்டில் பழைய பிரேம் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றினேன். பேத்தியின் மை, அவள் ரோலர். மை சரியாக விரிந்தால் ரோலர் 'சர்ர்' என்று மெல்ல ஒரு சத்தம் தரும். இருபது வருஷத்துக்கு மேலாகியும் காது மறக்கவில்லை. கண்ணாடி கறுப்பானதும் காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்தேன். என்ன வரைவதென்று தெரியவில்லை. கை தானாக வலமிருந்து இடமாகப் போனது. "தங்கள் நல்வரவை விரும்பும்." எத்தனை ஆயிரம் பத்திரிகையில் கோர்த்த வரி. ஈய எழுத்தில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் படித்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு வேலையே இல்லை. பேத்தி பக்கத்தில் நின்று, "தாத்தா, என்ன மொழி இது?" என்றாள்.

தாளை நனைத்து, ஒற்றி ஈரம் போக்கி, கண்ணாடி மேல் போட்டு, குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். மூலையைப் பிடித்துத் தூக்கினேன். வெள்ளை எழுத்து, கறுப்பில், நேராக வந்திருந்தது. கடைசி 'ம்'மில் புள்ளி இல்லை. வைக்க மறந்திருக்கிறேன். "விரும்பும" என்று நின்றது.

குச்சியை எடுத்தேன், தாளிலேயே சுரண்டி ஒரு புள்ளி வைத்துவிடலாம் என்று. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க." அவளே பென்சிலால் கீழே 1/1 என்று போட்டாள்.

இரண்டாவது தாளும் போட்டுப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் 'நல்வர' மட்டும் தெரிந்தது. இரண்டையும் துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் மாட்டினோம். மழைக் காற்றில் எண்ணெய் மை காய்வது பெரும்பாடு, நாலு நாளாகியும் விரலில் ஒட்டியது. மருமகள் அதற்குள் கரண்டியைத் தேட ஆரம்பித்திருந்தாள்.