பால்வெளி மையத்தில் மிஞ்சும் காமா ஒளி: தனியா தெரியாத விண்மீன்களை எப்படி எண்ணுறாங்க?

நம்ம பால்வெளி மண்டலத்தின் மையம் பூமியில் இருந்து சுமார் 26 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அங்கிருந்து வரும் காமா கதிர்களை, 2008ல் நாசா ஏவிய ஃபெர்மி விண்வெளி தொலைநோக்கி பதிவு செய்து வருகிறது. தெரிந்த மூலங்களை எல்லாம் கழித்த பிறகும் அங்கே கொஞ்சம் ஒளி மிஞ்சுவதாக, 2009ல் லிசா குட்எனஃப், டான் ஹூப்பர் ஆகியோர் கூறினர். அது எங்கிருந்து வருது?

சந்தேகம் யார் மேல?

ஒன்று, இருண்ட பொருள். அதன் துகள்கள் மோதி அழியும்போது காமா கதிர் வரலாம். உறுதியானால் மாபெரும் கண்டுபிடிப்பு. மற்றொன்று, மில்லிசெகண்ட் பல்சார்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் இவை. ஒவ்வொன்றும் மங்கலாக இருப்பதால் தனியாகத் தெரியாது.

கூரை ஒழுகுற கணக்கு

மொட்டை மாடியில் தூறல் விழுந்தால் தரை ஒரே சீராக நனையும். ஓட்டு வீடு ஒழுகினால் ஓட்டைக்கு நேர் கீழே மட்டும் சொட்டு சேரும். விழும் தண்ணீர் ஒரே அளவாக இருந்தாலும் தடம் வேறு.

வானத்தையும் இப்படித்தான் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒளித்துகள்களை எண்ணுறாங்க. சராசரி 10 என்றால், சீரான ஒளியில் பெரும்பாலான கட்டங்களில் 7 முதல் 13 வரை இருக்கும். இது பாய்சான் விதி. சில கட்டங்களில் அதைவிட ரொம்ப அதிகமாகவும், பல கட்டங்களில் குறைவாகவும் இருந்தால், மறைந்திருக்கும் புள்ளி மூலங்கள்தான் காரணம்னு அர்த்தம். 2016ல் வெளியான இரண்டு ஆய்வுகள், வெவ்வேறு முறைகளில் பல்சார் பக்கமே சாய்ந்தன.

கணக்கிலேயே ஓட்டையா?

அந்த ஆய்வுகளில் ஒன்றில் பங்கேற்ற டிரேசி ஸ்லேட்டியர், 2019ல் ரெபெக்கா லீனுடன் சேர்ந்து அதே முறையைச் சோதித்தார். உண்மையான தரவுக்குள் போலியான இருண்ட பொருள் ஒளியைச் சேர்த்தனர். அதையும் அந்தக் கணக்கு புள்ளி மூலங்கள் என்றே சொன்னது!

காரணம், பின்னணி. மையப் பகுதி காமா ஒளியில் பெரும்பகுதி, காஸ்மிக் கதிர்கள் வாயுவில் மோதுவதால் வருவது. அதற்கான மாதிரியில் சிறு பிழை இருந்தாலும் அது புள்ளிகள் போலத் தோன்றிவிடும்.

இப்போ நிலைமை என்ன?

இரண்டு விளக்கங்களும் களத்தில் உள்ளன. ரேடியோ தொலைநோக்கிகள் மையப் பகுதியில் இந்தப் பல்சார்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தால் ஒரு பக்கம் வலுப்பெறும். அதுவரை கணக்கு தருவது துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல.