ஆரோக்கியம் என்றொரு பெயர்

கண்டமங்கலம் வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் வாழும் தெருவில் நின்று "ஆரோக்கியம்" என்று குரல் கொடுத்தால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்ப்பார். ஆரோக்கியசாமி, ஆரோக்கியதாஸ், ஆரோக்கியமேரி, யாராக இருந்தாலும் கூப்பிடுவது ஆரோக்கியம் என்றுதான். உடம்பைப் பற்றிய பேச்சில் இந்தச் சொல் அதிகம் வருவதில்லை. "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் "தேவலாம்", "வலி விட்டுடுச்சு" என்பார்கள். பொருளாகப் பாடப்புத்தகத்திலும் மருந்து விளம்பரத்திலும் ஒதுங்கிய சொல், பெயராகத்தான் நாளெல்லாம் வாயில் புழங்குகிறது.

அதன் வேர் வடமொழியின் 'ருஜ்'. உடைத்தல், நோவு தருதல் என்று பொருள். அதில் பிறந்தது ரோகம். ரோகம் இல்லாதவன் அரோகன். அவனுடைய நிலை ஆரோக்யம். தமிழில் அது ஆரோக்கியம் ஆனது, பாக்யம் பாக்கியம் ஆனது போல. ஆக, நோவு இல்லை என்பதே இச்சொல் காட்டும் நலம். கரும்பு வெட்டப் போகிறவர் விடிந்ததும் இடுப்பு வலிக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். உழைக்கிற உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்பேன்.

இந்தச் சொல்லைக் கடைசியில் நிறுத்திய காலமும் உண்டு. எதிர்ப்படுகிறவரை எப்படி நலம் விசாரிப்பது என்று மனுஸ்மிருதி (2:127) வருணவாரியாக விதிக்கிறது. பிராமணனிடம் குசலம், க்ஷத்திரியனிடம் அநாமயம், வைசியனிடம் க்ஷேமம் கேட்க வேண்டும், சூத்திரனிடம் ஆரோக்யம். அநாமயத்துக்கும் நோயின்மை என்றுதான் பொருள். பொருள் ஒன்றாக இருந்தும் ஆளுக்கேற்பச் சொல்லைப் பிரித்து வைத்தார்கள். நலம் கேட்பதில்கூட மேல்கீழ் பார்த்த இந்த விதி நெஞ்சைச் சுடுகிறது.

அப்படிக் கடைசியில் நிறுத்தப்பட்ட சொல்தான் வேளாங்கண்ணியில் அன்னையின் பெயராயிற்று. மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் ஒருவன் எழுந்து நடந்தான், அதனால் ஆரோக்கிய மாதா என்ற பெயர் வந்தது என்பது அங்குள்ள மரபு. 1962இல் போப் 23ஆம் யோவான் அந்தக் கோயிலைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29இல் கொடியேறி, செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கிறது. பல மதத்தாரும் போகிறார்கள். நோய் தீர வேண்டியவர்களும் பிள்ளை வரம் கேட்டவர்களும் நேர்ந்துகொண்டு குழந்தைக்கு மாதாவின் பெயரை வைக்கிறார்கள்.

கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் வில்லியனூர் லூர்து மாதா கோயில் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் லூர்துமேரிகளும் உண்டு. லூர்து என்பது பிரான்சில் உள்ள ஓர் ஊர். ஆரோக்கியம் ஊரும் அல்ல, புனிதரின் இயற்பெயரும் அல்ல, ஒரு வேண்டுதல். ஆனாலும் பெயராகி நாளாகிவிட்டால் வேற்றுமை உருபு ஏற்று மற்றப் பெயர்களைப் போலவே நடக்கும். "ஆரோக்கியத்துக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்று சொல்கிறவரும் கேட்கிறவரும் அந்த ஆளைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள்.