பொதுச் சந்தையும் பின்தங்கிய பிரதேசங்களும்

1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் பிரான்சு, மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பேர்க்கு என்னும் ஆறு நாடுகளும் உரோம் நகரிலே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தைத் தோற்றுவிக்கும் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. பிரதேசங்களுக்கிடையேயுள்ள ஏற்றத்தாழ்வைக் குறைத்தலும், பின்தங்கியவற்றின் குறைகளைப் போக்குதலும் அவ்வுடன்படிக்கையின் முகவுரையில் நோக்கங்களாகக் கூறப்பட்டுள்ளன. ஆயின், பிரதேச அபிவிருத்திக்கெனத் தனியொரு நிதியம் அதன் உறுப்புரைகளில் யாண்டும் இடம்பெறவில்லை. சுங்கத் தடைகள் நீங்கிவிடின் முதலும் உழைப்பும் தாமாகவே வேண்டுமிடத்திற்குப் பாயும். நாளடைவில் மேடும் பள்ளமும் சமனாகும் என்பதே அக்காலத்துப் பலரின் நம்பிக்கை. இதற்கு மாறாக, சந்தையைத் தன்போக்கில் விடின் செல்வமுள்ள இடமே மேலும் செல்வத்தை ஈர்க்கும் என்று சுவீடன் தேசத்துப் பொருளியலறிஞர் குன்னார் மிர்டால் வாதித்தார். அவ்வாதத்தை விரித்துரைத்த நூலும் அதே 1957ஆம் ஆண்டிலேயே வெளிவந்தமை கருதத்தக்கது.

ஆறு நாடுகளுள் இவ்வினா இத்தாலியையே நெருக்கிற்று. மிலான், தூரின் முதலிய வடநகரங்கள் கைத்தொழிலாற் செழித்திருக்க, நேப்பிள்சுக்குத் தெற்கேயுள்ள நாடு வறண்ட நிலத்தையும் பெருநிலக்கிழாரையும் நம்பிக் கிடந்தது. 1950இல் இத்தாலிய அரசு தென்னாட்டிற்கென ஒரு தனி நிதியத்தை அமைத்து, வீதி, நீர்ப்பாசனம், குடிநீர் என்பவற்றில் முதலிட்டது. பின்னர் தாரந்தோவில் பெரும் உருக்காலையொன்றும் எழுந்தது. சுற்றுப்புறத்திலே சிறுதொழில் எதனையும் வளர்க்காது தனித்து நின்ற இத்தகைய ஆலைகளைப் பாலைவனத்திலே கட்டிய தேவாலயங்கள் என்று இத்தாலியரே எள்ளி நகையாடினர். தொழில் மக்களை நாடி வாராமையின் மக்கள் தொழிலை நாடிப் புறப்பட்டனர்.

அப்புறப்பாடு எத்தகையது என்பதைப் பெல்சிய நாட்டு வரலாறு காட்டும். 1946இல் இத்தாலியும் பெல்சியமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இத்தாலி சுரங்கத் தொழிலாளரை அனுப்பும். பெல்சியம் நிலக்கரி விற்கும். மனிதரைக் கொடுத்துக் கரி பெற்றனர் என்று இதனைக் கூறின் அது மிகையாகாது. 1956ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 8ஆம் நாள் சார்லெருவா நகரை அடுத்த மார்சினேல் சுரங்கத்திலே தீ மூண்டு 262 பேர் மாண்டனர். அவருள் 136 பேர் இத்தாலியர். இதன்பின் இத்தாலி அச்சுரங்கங்களுக்கு ஆளனுப்புவதை நிறுத்திற்று. உரோம் உடன்படிக்கை கைச்சாத்தானது இதற்கு ஏழு மாதம் கழித்தே. தொழிலாளர் எந்நாட்டிற்கும் தடையின்றிச் சென்று சமவுரிமையுடன் உழைத்தல் வேண்டுமென இத்தாலியர் அவ்வுடன்படிக்கையில் வற்புறுத்தியதன் பொருளை இப்பின்னணியில் வைத்தே உணர்தல் வேண்டும்.

உடன்படிக்கை ஏற்படுத்திய சமூக நிதியம் 1960 முதல் இயங்கிற்று. வேலையிழந்தோரை வேறு தொழிலுக்குப் பயிற்றவும் குடியமர்த்தவும் ஓர் அரசு செலவிட்டால் அதிற் பாதியை அது திருப்பிக் கொடுத்தது. நோக்கம் நன்றே, முறைதான் கோணலாயிற்று. முன்னரே செலவிடக்கூடிய அரசன்றோ பின்னர்ப் பாதியைக் கேட்க முடியும்! ஆகவே, சிறந்த பயிற்சி நிலையங்களைக் கொண்டிருந்த மேற்கு ஜேர்மனி, ஏழைத் தென்னாட்டை மனத்திற்கொண்டு அமைத்த நிதியத்திலிருந்து பெரும்பங்கைப் பெற்றது. 1971இல் விதிகளைத் திருத்தவேண்டியதாயிற்று.

பிரதேச அபிவிருத்திக்கெனத் தனி நிதியம் தோன்றியது 1975இலேயாம். அதன் பிறப்பில் அறத்தினும் அரசியற் பேரமே மிகுதி. 1973இல் பிரித்தானியா, அயர்லாந்து, தென்மார்க்கு என்னும் மூன்றும் சமூகத்திற் சேர்ந்தன. விவசாய மானியத்தால் தனக்கு வரவு சிறிதே என்று கண்ட பிரித்தானியா, நலிவுற்ற பழைய கைத்தொழிற் பகுதிகளுக்கேனும் உதவி வேண்டிற்று. எண்ணெய் விலையேற்றம் வந்து மூண்டதும் ஜேர்மனி பணப்பையை இறுக்கிற்று. ஈற்றில், 1974 திசம்பரில் பாரிசிற் கூடவிருந்த தலைவர் மாநாட்டிற்கு நிதியம் பற்றிய உறுதியின்றேல் வாரோம் என இத்தாலியும் அயர்லாந்தும் நின்றமையால் இணக்கம் பிறந்தது. மூன்றாண்டிற்கு 130 கோடி கணக்கலகு என முடிவாயிற்று. அதில் இத்தாலிக்கு நூற்றுக்கு 40, பிரித்தானியாவிற்கு 28, பிரான்சிற்கு 15, அயர்லாந்திற்கு 6 என்றவாறு எல்லா நாட்டிற்கும் பங்கு கிடைத்தது. செல்வமிக்க ஜேர்மனியும் தன் பங்கைப் பெற்றமை, இது வறுமையை அளந்து செய்த பங்கீடன்று என்பதற்குச் சான்று.

வேறொரு தந்திரமும் நிகழ்ந்தது. சமூகத்தின் பணம் வந்ததும் அத்தொகையைத் தம் செலவிற் குறைத்துக்கொள்ளும் வழக்கம் சில அரசுகளிடம் இருந்தது. இவ்வாறாயின் பிரதேசத்திற்கு ஒரு காசும் கூடுதலாகச் சேராது. 1988ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், நிதியங்களை 1993க்குள் இரட்டிப்பாக்கியதோடு, தலைக்குரிய உற்பத்தி சமூகச் சராசரியில் நூற்றுக்கு 75க்குக் குறைந்த பிரதேசங்களுக்கு முதலிடம் அளித்தது. வரும் பணம் உள்நாட்டுச் செலவிற்கு மேலதிகமாதல் வேண்டும் என்ற விதியையும் வலியுறுத்திற்று. இவ்விதியை மீறியதெனக் கருதிப் பிரித்தானியச் சுரங்கப் பகுதிகளுக்குரிய பணத்தை ஆணைக்குழு உறுப்பினர் புரூசு மில்லன் நிறுத்தி வைத்தார். 1992இல் பிரித்தானிய அரசு பணிந்தது. மில்லன் தாமும் பிரித்தானியரே என்பது சுவையான செய்தி.

பணம் மட்டுமே முன்னேற்றத்தைத் தருமா என்பதற்கு அயர்லாந்தையும் கிரேக்கத்தையும் ஒப்பிடலாம். இரண்டும் ஏழை உறுப்பினராய்ப் புகுந்தவை. இரண்டும் தாராளமாக உதவி பெற்றவை. 1981இற் சேர்ந்த கிரேக்கம் அப்பத்தாண்டிலே சராசரியிலிருந்து மேலும் பின்னடைந்தது. 1973இல் சராசரியின் மூன்றில் இரண்டு பங்கைத் தானும் எட்டாதிருந்த அயர்லாந்தோ, அந்நூற்றாண்டு முடியுமுன் சராசரியைக் கடந்தது. உற்பத்திக் கம்பனிகளுக்கு 1981 முதல் விதித்த நூற்றுக்குப் பத்து என்னும் குறைந்த வரியும், அதனை நாடி வந்த அமெரிக்க நிறுவனங்களும் இதற்குக் காரணங்கள் என்பர். அந்நிறுவனங்கள் காட்டும் இலாபக் கணக்கு நாட்டின் உற்பத்தியை ஊதிக் காட்டுகிறது என்பதும் உண்மை. ஆயினும் ஆசிரியராகிய நாம் மறக்கலாகாத பிறிதொரு காரணமுண்டு. கல்வி அமைச்சர் தொனோ ஓ'மாலி 1966இல் அறிவித்த இலவச இடைநிலைக் கல்வி அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தொழினுட்பக் கல்லூரிகள் மாகாண நகரங்களிலே எழுந்தன. அவற்றில் பயின்ற மாணவர்க்குச் சமூக நிதியத்தின் பணம் உதவிற்று. வந்த நிறுவனங்கள் பயின்ற இளைஞரைக் கண்டன. வீதிக்கு இட்ட பணத்திலும் இது கூடுதற் பயன் தந்தது என்பது என் கருத்து.

வேல்சு நாட்டுப் பள்ளத்தாக்குகளிலும் பணத்திற்குக் குறைவில்லை. பிளைனாவ் குவென்ற் என்னும் பகுதியிலுள்ள எப்பூ வேல் உருக்காலை 2002இல் மூடப்பட்டபின், ஐரோப்பிய நிதியின் துணையோடு அங்கு புகையிரதப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. கல்லூரிக் கட்டடமும் எழுந்தது. 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அப்பகுதி மக்களுள் நூற்றுக்கு 62 பேர் ஒன்றியத்தை விட்டு நீங்குவதற்கே வாக்களித்தனர். நன்றியின்மை என்று இதனைக் கூறினாருமுளர். நான் அவ்வாறு கருதேன். உருக்காலை கொடுத்த கூலியைக் கட்டடங்கள் கொடுக்கவில்லை. பணத்தை எதற்குச் செலவிடுவதென்று அம்மக்களை எவரும் பொருட்படுத்திக் கேட்டதாகவும் அவர்கள் உணரவில்லை.

2021 முதல் 2027 வரையிலான காலப்பகுதிக்கு ஒன்றியம் வகுத்த பின்தங்கிய பிரதேசங்களின் பட்டியலில் அயர்லாந்தின் எப்பகுதியும் இல்லை. கலாபிரியா, சிசிலி, புலியா, கம்பானியா ஆகியன உள்ளன. 1957இல் முகவுரை எழுதியோர் கருத்திற்கொண்ட தென்னித்தாலிய நாடு இதுவே.